படம் வருது, சத்தம் வரல: வீடியோ கன்வர்ட் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய கல்யாண டிவிடிகளையும் கேம்கார்டர் கேசட்டுகளையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது என் பக்க வேலை. பாதிப் பேர் காசு கொடுப்பார்கள், மீதிப் பேர் சொந்தக்காரர்கள். தாங்களே கன்வர்ட் செய்து பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில்தான் ஆரம்பிப்பார்கள்: "படம் வருது, சத்தம் வரல." ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் விளக்கி அலுத்துப்போய், கேள்விகளை அவரவர் கேட்ட வாயிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். அவசரக்காரர்கள் முதல் ஐந்தைப் படித்தால் போதும்.

"படம் நல்லா ஓடுது, சத்தம் மட்டும் இல்ல. சத்தம் அழிஞ்சே போச்சா?"

பெரும்பாலும் இல்லை. வீடியோ ஃபைலை ஒரு டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் ஒலி, சிலவற்றில் இன்னோர் அடுக்கில் சப்டைட்டில். எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் கேரியரின் பெயர்தான். உள்ளே இருக்கும் ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதற்குத் தனிப் பெயர் உண்டு: ஏஏசி, எம்பி3, ஏசி3, டிடிஎஸ், ஓபஸ். இவற்றைத்தான் கோடெக் என்கிறார்கள். இரண்டு ஃபைலும் எம்பி4தான், ஒன்று பேசுகிறது, ஒன்று பேசவில்லை என்றால் உள்ளே உள்ள அடுக்கு வேறு என்று அர்த்தம்.

சத்தம் தொலைய பெரும்பாலும் மூன்று இடங்கள்தான் உண்டு. ஒன்று, மூல ஃபைலிலேயே ஒலி கிடையாது. இரண்டு, கன்வர்ட் செய்யும்போது ஒலி அடுக்கு விட்டுப்போயிற்று. மூன்று, புது ஃபைலில் ஒலி பத்திரமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் போட்டுப் பார்க்கும் பிளேயருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. என்னிடம் வருவதில் பெரும்பகுதி மூன்றாவது வகை.

"மூணுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஃபைலைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் ஜே எழுத்தை அழுத்துங்கள். கோடெக் விவரம் காட்டும் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனி ஸ்ட்ரீமாக இருக்கும். ஆடியோ என்று ஒரு ஸ்ட்ரீம் இருக்கிறதா, அதற்கு நேரே என்ன கோடெக் எழுதியிருக்கிறது, எத்தனை சேனல் (இடது, வலது மாதிரி தனித்தனி ஒலி வழிகள்) என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி3 ஒலியை விஎல்சி 'ஏ52' என்று எழுதும், குழம்ப வேண்டாம்.

இதையே மூல ஃபைல், கன்வர்ட் ஆன ஃபைல் இரண்டுக்கும் செய்யுங்கள். மூலத்தில் ஆடியோ ஸ்ட்ரீமே இல்லையென்றால் கன்வர்ட்டரைத் திட்டிப் பயனில்லை. மூலத்தில் இருந்து புதியதில் இல்லையென்றால் கன்வர்ட்டரின் அமைப்பில் தவறு. இரண்டிலும் இருக்கிறதென்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் ஐந்து கன்வர்ட்டரை டவுன்லோடு செய்து பார்த்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"விஎல்சியில கேக்குது. பென்டிரைவை டிவியில போட்டா கேக்கல. டிவி ரிப்பேரா?"

டிவிக்கு ஒன்றும் இல்லை. ஏசி3, டிடிஎஸ் மாதிரி கோடெக்குகளைத் தங்கள் பொருளில் சேர்க்க, கம்பெனிகள் உரிமத் தொகை கட்ட வேண்டும். அதனால் சிலர் விட்டுவிடுகிறார்கள். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. எல்ஜி 2020 மாடல்களில் விட்டு, 2023இல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. அதனால்தான் "பழைய டிவியில கேட்டுச்சே, புதுசு வாங்கினா கேக்கலையே" என்கிற புலம்பல். புதிய டிவி பழையதைவிடக் குறைவாகப் படிப்பது விசித்திரம்தான்.

போனிலும் இதே கதை. எம்எக்ஸ் பிளேயரில் ஈஏசி3 (ஏசி3இன் அடுத்த வடிவம்) ஆதரிக்கப்படவில்லை என்று வரும் செய்தி உரிமம் சம்பந்தப்பட்டதுதான், உங்கள் ஃபைல் கெட்டுப்போகவில்லை. போனில் விஎல்சி போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களிலும் ஏசி3 கூடவே வருவதில்லை. விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தானே சுமந்து வருவதால் அதில் மட்டும் எல்லாம் கேட்கும். இதனால் ஒரு சிக்கலும் உண்டு: விஎல்சியில் கேட்டுவிட்டது என்பதற்காக டிவியிலும் கேட்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப எந்த ஒலி வெச்சா எல்லாத்துலயும் கேக்கும்?"

எம்பி4 கேரியர், உள்ளே ஏஏசி ஒலி, ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 160 கேபிபிஎஸ் (ஒரு விநாடி ஒலி பிடிக்கும் இடத்தின் அளவு). டிவி, போன், லேப்டாப், காரில் இருக்கும் ஸ்கிரீன் என்று எதில் போட்டாலும் அநேகமாக இது பேசும். ஒரு மணி நேரத்துக்கு ஒலி மட்டும் 72 எம்பி பிடிக்கும். கச்சேரியாக இருந்தால் 256 கேபிபிஎஸ் வையுங்கள், பேச்சு மட்டும் என்றால் 128 போதும்.

"சத்தத்துக்காக மட்டும் மூணு மணி நேரம் திரும்ப ஓட விடணுமா?"

வேண்டாம். படம் சரியாக இருக்கும்போது படத்தைத் திரும்பச் சுருக்கினால் நேரமும் வீண், தெளிவும் குறையும். ஒலி அடுக்கை மட்டும் மாற்றி, பட அடுக்கை அப்படியே வைக்கலாம். இதற்கு அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருள் எனக்குக் கைவந்தது. ஃபைலைத் திறந்து, இடது பக்கம் வீடியோ அவுட்புட்டை 'காப்பி' என்றே விட்டுவிடுங்கள். ஆடியோ அவுட்புட்டில் ஏஏசி, கடைசியில் அவுட்புட் ஃபார்மட்டில் எம்பி4 மக்ஸர். சேவ் கொடுத்தால் வேலை முடிந்தது. மூன்று மணி நேரக் கல்யாணம் ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆடியோ அவுட்புட்டும் 'காப்பி' என்றே இருந்தால், பழைய ஏசி3 அப்படியே புதுக் கேரியருக்குப் போகும். வெளிப்பெயர் மாறியும் டிவி வாயைத் திறக்காது. ஃபைலின் கடைசிப் பெயரை எம்கேவியிலிருந்து எம்பி4 என்று கையால் மாற்றுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் மாற்றுவது கேரியரைக்கூட அல்ல, அதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிளை.

"ஹேண்ட்பிரேக்ல பண்ணேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."

ஹேண்ட்பிரேக் ஓர் இலவச கன்வர்ட்டர். முதலில் அதன் ஆடியோ டேபைத் திறந்து பாருங்கள். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் ஊமைப் படம்தான் வெளியே வரும், ஹேண்ட்பிரேக் எச்சரிக்காது. மொழி அமைப்பில் ஏதாவது ஒரு மொழியை மட்டும் தேர்ந்தெடுத்திருந்து, உங்கள் ஃபைலின் ஒலித்தடத்தில் (ஒலி அடுக்குதான்) மொழி என்று எதுவும் குறிக்கப்படாமல் இருந்தால் இப்படி ஆகலாம். வீட்டு விசேஷ வீடியோவில் மொழியை யார் குறித்து வைக்கப் போகிறார்கள்? தடத்தைக் கையால் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது 'பாஸ்த்ரூ'. ஏசி3 பாஸ்த்ரூ என்றால் ஒலியை மாற்றாமல் அப்படியே கடத்து என்று பொருள். 'காப்பி' பற்றி மேலே சொன்ன அதே சிக்கல் இங்கும் வரும். கோடெக்கில் ஏஏசி, மிக்ஸ்டவுனில் (எத்தனை சேனலாகக் கலப்பது என்ற இடம்) ஸ்டீரியோ என்று வையுங்கள். அப்புறம் ஒரு பழக்கம்: முழு வீடியோவையும் ஓட விடுவதற்கு முன், ரேஞ்ச் என்ற இடத்தில் விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, நடுவிலிருந்து ஒரு நிமிடம் மட்டும் கன்வர்ட் செய்து, எந்த டிவியில் பார்க்கப் போகிறீர்களோ அதிலேயே போட்டுப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து வேண்டாம். ஆரம்பத்தில் பிள்ளையார் படமும் பெயர்களும்தான் ஓடும், அங்கே சத்தம் இல்லாமலே இருக்கலாம்.

"விஎல்சியிலேயே கன்வர்ட் வசதி இருக்கே?"

இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். கட்டாயம் அதில்தான் செய்ய வேண்டுமென்றால், புரொஃபைலுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பானர் படத்தை அழுத்தி ஆடியோ கோடெக் டேபுக்குப் போய், ஆடியோ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா, கோடெக் எம்பி3 அல்லது ஏஏசியா என்று பாருங்கள். எம்பி4 கேரியரில் வோர்பிஸ் ஒலி என்று யாராவது வைத்திருந்தால் அதை மாற்றுங்கள்.

"கல்யாண டிவிடியைக் காப்பி பண்ணேன். ஒவ்வொரு ஃபைலா மாத்தினா சிலதுல சத்தம் இருக்கு, சிலதுல இல்ல."

டிவிடியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி ஃபைல்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. அவை தனித்தனி வீடியோக்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். உண்மையில் ஒரே நீளப் படத்தை ஜிபி கணக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனை ஒலித்தடம், எது எங்கே என்ற குறிப்பு பக்கத்தில் இருக்கும் சின்ன ஐஎஃப்ஓ ஃபைல்களில் இருக்கிறது. விஓபியை மட்டும் தனியாக எடுத்தால் அந்தக் குறிப்பு கூட வராது. அதனால் கன்வர்ட்டர் ஃபைலின் தொடக்கத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். மாமா பெண்ணின் கல்யாண டிவிடி. முதல் விஓபியில் பன்னிரண்டு விநாடி பிள்ளையார் படம், அதைச் சுற்றி மணமக்கள் பெயர் பூப்பூவாகச் சுழலும். அந்த இடத்தில் எடிட் செய்தவர் ஒலியே சேர்க்கவில்லை. நான் பயன்படுத்திய எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி, தானாக விட்டால் முதல் ஐந்து விநாடி அளவுக்குத்தான் ஆராயும். ஐந்து விநாடியில் ஒலி தட்டுப்படவில்லை, எனவே ஒலியே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. நாதஸ்வரம் பதின்மூன்றாவது விநாடியில் ஆரம்பிக்கிறது! அனலைஸ் டியூரேஷன், ப்ரோப் சைஸ் என்ற இரண்டு அளவுகளையும் நூறு எம் என்று கூட்டியதும் ஒலித்தடம் வந்து நின்றது.

நீங்கள் இவ்வளவு பாடுபட வேண்டாம். ஹேண்ட்பிரேக்கில் தனி ஃபைலைத் திறக்காமல் வீடியோ டிஎஸ் ஃபோல்டரையே திறங்கள். ஐஎஃப்ஓவைப் படித்து, டைட்டில்களைக் காட்டும். நீளமான டைட்டில்தான் உங்கள் கல்யாணம். விஓபிக்களை வெறுமனே ஒட்டவைத்து ஒரே ஃபைலாக்கும் வழியையும் சிலர் சொல்வார்கள். நடுவில் நேரக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் இடம் இருந்தால் அங்கே ஒலி நின்றுபோகும், வேண்டாம்.

"பாட்டு பலமா கேக்குது, பேசுறது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு."

விஎல்சியின் அந்தப் பெட்டியில் சேனல் என்ற இடத்தைப் பாருங்கள். 3எஃப்2ஆர் என்று ஆரம்பித்தால் அது 5.1 ஒலி. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அதோடு ஒரு சப்ஊஃபர். சினிமா மாதிரி கலந்த ஒலியில் பேச்சு பெரும்பாலும் முன்னால் நடுவில் இருக்கும் சேனலில்தான் இருக்கும். கன்வர்ட்டர் நடுச் சேனலை விட்டுவிட்டு இடது, வலது இரண்டை மட்டும் எடுத்தால் இசை இருக்கும், வசனம் போய்விடும்.

ஹேண்ட்பிரேக்கில் மிக்ஸ்டவுன் ஸ்டீரியோ என்று கொடுத்தால் நடுச் சேனலையும் இரண்டு பக்கமும் பிரித்துக் கலந்துவிடும். அவிடெமக்ஸில் ஆடியோ ஃபில்டர்களில் மிக்ஸர் என்பதை ஸ்டீரியோ ஆக்குங்கள். பிறகும் பேச்சு தணிந்தே இருந்தால் ஹேண்ட்பிரேக்கின் கெயினில் (ஒலியைக் கூட்டும் இடம்) நான்கைந்து டெசிபல் ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் தவில் அடிக்கும் இடத்தில் கரகரக்கும்.

"ஹெட்போன்ல நல்லா கேக்குது. பாட்டி போன்ல போட்டா சுத்தமா சத்தம் இல்ல. இது என்ன மாயம்?"

எனக்குப் பிடித்த கேள்வி. ஒருவர் வரவேற்பு வீடியோ கொண்டுவந்தார். மேடையில் அவர் தாத்தா மைக் பிடித்து வாழ்த்துகிறார். லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டினால் தெளிவாகக் கேட்கிறது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் தாத்தா வாயசைக்கிறார், அவ்வளவுதான். ஃபைல் அதேதான், ஒலித்தடமும் அதேதான்.

நடந்தது இது. மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து கேமராவுக்கு நேரே வயர் இழுத்திருக்கிறார்கள். மிக்சரின் அந்த வெளியீட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் வரும், ஒன்றுக்கொன்று நேர் தலைகீழாக. அந்த இரண்டையும் கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகினால் இடது காதுக்கு நேரான ஒலி, வலது காதுக்குத் தலைகீழான ஒலி. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டும்போது ஐந்தும் கழித்தல் ஐந்தும் சேர்ந்து பூஜ்யம்.

சோதிக்க, விஎல்சியில் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோடைத் திறந்து 'மோனோ' கொடுத்துப் பாருங்கள். மோனோவில் மாயமாகி, 'லெஃப்ட்' கொடுத்தால் கேட்டால் இதுதான் நோய். மருந்து சுலபம்: ஹேண்ட்பிரேக்கின் மிக்ஸ்டவுனில் 'மோனோ, லெஃப்ட் ஒன்லி' என்று ஒன்று இருக்கிறது. வலதைத் தூக்கி எறிந்துவிட்டு இடதை மட்டும் வைத்துக்கொள்ளும். தாத்தா எல்லா போனிலும் பேசுவார்.

"ஒரு காதுல மட்டும்தான் கேக்குது."

மேலே சொன்ன அதே மோனோ அமைப்பு. எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் ஹெட்போன் பின் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்; சிரிக்காதீர்கள்.

"சத்தம் வந்திருச்சு. ஆனா உதடு ஒட்டல."

முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு தள்ளியிருக்கிறதா, போகப் போகத் தள்ளுகிறதா? ஒரே அளவு என்றால் விஎல்சியில் ஜே, கே விசைகளைத் தட்டித்தட்டி ஒட்டவையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லிவிநாடி நகரும். எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டு, அவிடெமக்ஸில் ஆடியோ ஷிஃப்ட் என்ற இடத்தில் அந்த அளவைப் போட்டு சேவ் செய்தால் நிலையாகிவிடும்.

போகப் போகத் தள்ளினால் சட்டக வேகத்தில் (ஃபிரேம்ரேட்) குழப்பம். போன் கேமராக்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப விநாடிக்கு இத்தனை சட்டகம் என்ற எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். எடிட் செய்யும் சில மென்பொருள்கள் அது மாறாது என்று நினைத்துக் கணக்குப் போடும். எடிட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் கொடுத்து ஒருமுறை மாற்றிவிடுங்கள். 29.97 சட்டகத்தை 30 என்று எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகும். படத்தில் தாலி கட்டி முடித்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும்.

"ஓபிஎஸ்ல கிளாஸ் ரெக்கார்டு பண்ணேன். கன்வர்ட் பண்ணா என் குரல் இல்ல, பசங்க குரல் மட்டும் இருக்கு."

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருள் ஒரே ஃபைலில் ஆறு ஒலித்தடங்கள் வரை பதியும். உங்கள் மைக் இரண்டாம் தடத்துக்கும் கம்ப்யூட்டர் ஒலி முதல் தடத்துக்கும் போகுமாறு அமைந்திருக்கும். பெரும்பாலான கன்வர்ட்டர்கள் முதல் தடத்தை மட்டும் எடுக்கும். விஎல்சியில் ஆடியோ டிராக் மெனுவில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் குரல் இருக்கும்.

இரண்டையும் ஒன்றாகக் கலக்க ஷாட்கட் மாதிரி ஒரு எடிட்டரில் இரண்டு தடமாக வைத்து எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அடுத்த வகுப்புக்கு ஓபிஎஸ்ஸிலேயே எல்லாவற்றையும் ஒன்றாம் தடத்துக்கும் அனுப்புமாறு டிக் போட்டுவிடுங்கள். ஐபோன் 16இலும் கிட்டத்தட்ட இதே சிக்கல் வரலாம். ஸ்பேஷியல் ஆடியோவில் எடுத்த வீடியோவில் வழக்கமான ஏஏசி தடத்தோடு, பல கருவிகளுக்குப் புரியாத இன்னொரு தடமும் இருக்கும். ஏஏசி தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

"என் யூடியூப் சேனல் வீடியோவையே டவுன்லோடு பண்ணேன், 1080இல் எடுத்தா ஊமையா வருது."

யூடியூப் அந்தத் தெளிவில் படத்தையும் ஒலியையும் தனித்தனியாகத்தான் அனுப்புகிறது. பார்க்கும்போது பிளேயர் இரண்டையும் சேர்த்து ஓட்டும். நீங்கள் பட அடுக்கை மட்டும் இறக்கியிருக்கிறீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் உங்கள் வீடியோவுக்கு டவுன்லோடு கொடுத்தால் தெளிவு குறைந்தாலும் ஒலியோடு வரும்.

"ட்ரோன்ல எடுத்தது, சிசிடிவியில எடுத்தது, ரெண்டுலயும் சத்தம் வேணும்."

ட்ரோன் வீடியோவில் சத்தத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலான ட்ரோன்கள் ஒலியைப் பதிவதே இல்லை, பதிந்தாலும் விசிறி இரைச்சல்தான் கிடைக்கும். போனின் டைம்லேப்ஸும் அப்படித்தான். முதல் கேள்வியில் சொன்ன முதல் வகை இது.

சிசிடிவி வேறு. கேமராவில் மைக் இருந்தால் பல டிவிஆர்கள் (சிசிடிவியின் பதிவுப் பெட்டிகள்) ஒலியை ஜி.711 என்ற டெலிபோன் காலத்துக் கோடெக்கில் பதியும். எம்பி4 கேரியரில் அதற்கு முறையான இடம் கிடையாது. படத்தைக் காப்பி செய்து ஒலியையும் காப்பி செய்யச் சொன்னால் கருவி மறுக்கும், அல்லது சத்தமில்லாமல் ஒலியை விட்டுவிடும். ஏஏசி ஆக மாற்றச் சொன்னால் வரும். அது 8 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் மாற்றிய பிறகும் போன் பேச்சு மாதிரிதான் இருக்கும்.

"வாட்ஸ்அப்ல அனுப்பினா மட்டும் சத்தம் போயிடுது."

அனுப்பும் முன் வரும் திரையில் மேலே சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கும், அதில் குறுக்குக் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். சின்ன வீடியோ என்றால் ஜிஃப் என்ற பொத்தானில் விரல் பட்டிருக்கும். ஜிஃப் ஆனால் சத்தம் கிடையாது.

"கன்வர்ட் முடிஞ்சதும் ஒரிஜினலை அழிச்சுட்டேன். இப்பத்தான் சத்தம் இல்லைன்னு தெரியுது."

முதலில், புது ஃபைலில் ஆடியோ ஸ்ட்ரீம் இருக்கிறதா என்று இரண்டாவது பதிலில் சொன்னபடி பாருங்கள். இருந்தால் பிழைத்தீர்கள், ஏஏசி ஆக்கினால் போதும். இல்லையென்றால் படத்திலிருந்து ஒலியைத் திரும்ப வரவழைக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

மெமரி கார்டிலிருந்து அழித்திருந்தால் இந்த நிமிடமே கார்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அதில் இன்னொரு போட்டோகூட எடுக்காதீர்கள். புதிதாக எதுவும் எழுதப்படாதவரை ஃபோட்டோரெக் மாதிரி இலவசக் கருவிகள் பழைய ஃபைலை மீட்டுத் தர நல்ல வாய்ப்பு இருக்கிறது. கல்யாண வீடியோ என்றால் இன்னொரு வழியும் உண்டு: மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு டிவிடி கொடுத்திருப்பார்கள். சம்பந்தி வீட்டு பீரோவில் நகைப்பெட்டிக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.